எட்டுக் கட்டத்தில் ஒரு திட்டு

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு படிவம் வந்தது. அனுப்பியவள் ரேவதி. நான் வேலை பார்த்த வள மையத்தில் இப்போது சிறப்புப் பயிற்றுநராக இருக்கும் பெண். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதவிக் கருவிகளைப் பற்றிப் புதிதாக ஒரு கொள்கை வகுக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் களத்தில் வேலை பார்த்தவர்களின் கருத்தைக் கேட்கிறார்களாம். "ரிட்டயர்டு ஆனவங்களும் எழுதலாமாம் டீச்சர். நீங்க கண்டிப்பா எழுதணும், சாக்குப்போக்கு சொல்லக்கூடாது" என்று குரல் செய்தி வேறு.

எனக்குப் படிவம் என்றாலே ஆகாது. வேலை பார்த்த காலமெல்லாம் நிரப்பி நிரப்பி விரலில் காய்ப்பு விழுந்திருக்கிறது. இருந்தாலும் சின்னப் பெண் ஆசையாகக் கேட்கிறாளே என்று, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினாறு கேள்வி வரைக்கும் மளமளவென்று போய்விட்டது. பதினேழாவது இப்படி இருந்தது: "வழங்கப்படும் கருவி யாருடைய பொறுப்பில் இருத்தல் வேண்டும்? (அ) வள மையம் (ஆ) பள்ளித் தலைமையாசிரியர் (இ) பெற்றோர் அல்லது பாதுகாவலர்."

பக்கத்தைத் திருப்பி (ஈ) இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எனக்குச் சுர்ரென்று வந்தது. கருவி யாருக்காகவோ அந்தப் பிள்ளையைத் தவிர ஊரில் உள்ள எல்லாரையும் கேட்டிருக்கிறார்கள்.

கோபம் அடங்கிய பிறகு, கேள்வி எழுதியவர் மேல் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நானும் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு (அ) என்று போட்டிருப்பேன். கொஞ்சம் தாராளமான நாளாக இருந்தால் (இ). எப்படி மாறினேன் என்பதைச் சொல்ல அந்தப் படிவத்தில் ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் நூர்ஜஹான். சொந்த ஊர் வாணியம்பாடி. எங்கள் வீட்டில் பேசுவது உருது, கடைத்தெருவில் பேசுவது ஒரு தமிழ், பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். முதல் வகுப்பில் "நீர்" என்று படித்துவிட்டு, அது நாங்கள் தினமும் குடிக்கிற தண்ணிதான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்த தவறை வேறு யார் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். நான் செய்திருக்கக் கூடாது.

இரண்டு வருடம் சிறப்புக் கல்விப் பயிற்சி. பிரெய்ல் புள்ளி எழுத்து, சைகை மொழி, காலில் மாட்டும் கருவிக்கு அளவெடுப்பது என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக் காட்டினார்கள். அதில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது எல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு எங்கள் மேற்பார்வையாளர் வரதராஜன் சாரிடம் கற்றதுதான்.

சார் ஒல்லியான மனிதர். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, காதிடுக்கில் ஒரு பென்சில். எதை எழுதினாலும் முதலில் பென்சிலால்தான் எழுதுவார். மறுநாள் எடுத்துப் படித்துப் பார்த்து, அப்போதும் சரி என்று பட்டால்தான் அதன் மேல் பேனா ஓடும். நேற்று எழுதியதை இன்று அழிக்க அவர் வெட்கப்பட்டதே இல்லை. சக்கர நாற்காலி வந்து இறங்கினால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தானே அதில் உட்கார்ந்து மையத்து வாசற்படியில் ஏறி இறங்கிப் பார்ப்பார். ஒருமுறை ஊன்றுகோல்களை அக்குளில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் நடந்து பார்த்து, அடியில் உள்ள ரப்பர் வழுக்குகிறது என்று வண்டியோடு அத்தனையையும் திருப்பி அனுப்பினார். பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போனால் பாய் போடும் வரை காத்திருக்க மாட்டார், பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிடுவார்.

நான் சேர்ந்த புதிதில், பேச்சு வராத ஒரு பிள்ளையிடம் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் சொன்னார்: "ஒரு கேள்வி கேட்டாச்சுன்னா வாய மூடிக்கணும்மா. மனசுக்குள்ள இருவது எண்ணு. நாம அஞ்சு எண்ணுறதுக்குள்ள அடுத்ததக் கேட்டுடறோம். அந்தப் புள்ளைக்குக் கை தூக்கவே பன்னெண்டு ஆவுது."

அன்றிலிருந்து எண்ணுகிறேன். இப்போது வீட்டில் பேரப்பிள்ளைகளிடம் ஏதாவது கேட்டாலும் எண்ணுகிறேன். "தாதி ஏன் அப்படியே பார்த்துக்கிட்டு இருக்காங்க?" என்று பயப்படுகிறார்கள். தாதி என்றால் உருதில் பாட்டி.

இவ்வளவு நல்ல மனிதரிடம் ஒரே ஒரு கோளாறு. பச்சை நிற இரும்பு அலமாரி. கருவி எதுவாக இருந்தாலும் பதிவேட்டில் ஏறி, அந்த அலமாரிக்குள் போகும். சாவி அவர் இடுப்புக் கயிற்றில். பிள்ளை மையத்துக்கு வரும்போது வெளியே வரும், பிள்ளை போனதும் உள்ளே போகும். காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஒரு சக்கர நாற்காலியை வீட்டுக்குக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதில் புளி மூட்டை உட்கார்ந்திருந்தது, பிள்ளை தரையில் கிடந்தது. தணிக்கைக்காரர்களுக்குப் பதில் எழுதியே அவருக்கு முடி கொட்டியது. "பொருள் மையத்த வுட்டுப் போவக்கூடாது" என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அந்தப் புளி மூட்டைதான் சட்டம்.

அலமேலுவை நான் முதலில் பார்த்தபோது அவளுக்குப் பதினொரு வயது. மலை மேல் நெல்லிவாசல்நாட்டில் அவள் வீடு. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஷேர் ஜீப்பில் கொஞ்ச தூரம், அதன்பின் நடை. மூளை முடக்குவாதம். கழுத்து நிற்கும், இடுப்பு நிற்காது. அவள் அப்பா பலா மரப் பலகையில் முதுகுச் சாய்ப்பும் முன்னால் ஒரு தடுப்புக் கட்டையும் வைத்து இருக்கை செய்திருந்தார். எங்கள் மையத்துக்கு வந்த எந்த நாற்காலியும் அவ்வளவு சரியாக ஒரு பிள்ளைக்குப் பொருந்தி நான் பார்த்ததில்லை. வாயிலிருந்து வருவது "ஏ" என்ற ஒரு சத்தமும், வேண்டாம் என்றால் "ச்சு" என்று நாக்கைத் தட்டுவதும் மட்டும்தான். மலைக்குக் கீழே ஒரு மருத்துவ முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே அவசர அவசரமாகப் பார்த்து "புரிதல் மிகக் குறைவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தாளை என்னிடம் நீட்டிய அவள் அம்மா குப்பு, "அவளுக்கு அல்லாம் தெரியும் டீச்சர். வாய்தான் இல்ல" என்றாள். பேசிக்கொண்டே, "அகப்பைய எங்க வெச்சேன்?" என்று தனக்குத் தானே முணுமுணுத்தாள். அலமேலுவின் கண் நேராக அடுப்புக்குப் பின்னால் போய் நின்றது. அகப்பை அங்கேதான் இருந்தது. நான் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எங்கள் மையத்துக்கு ஒரு பேச்சுப் பெட்டி வந்திருந்தது. சிலேட்டு அளவு, எட்டுக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் செருகலாம், ஒரு வாக்கியம் பதிவு செய்யலாம். படத்தை அழுத்தினால் அந்த வாக்கியம் பேசும். நாலு பென்சில் பேட்டரி. அவ்வளவுதான்.

இது யாருக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. பிள்ளையின் உடம்பில் எந்த அசைவு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருகிறது என்று பார்க்க வேண்டும். அலமேலுவுக்கு அது இடது கையின் மூடிய முட்டி. முழங்கைக்குக் கீழே ஒரு மடித்த சாக்கை வைத்துவிட்டால், பத்து தடவையில் எட்டு தடவை நினைத்த இடத்தில் வந்து விழுந்தது. பக்கத்துக் கட்டத்துக்கு வழுக்காமல் இருக்க ஒரு தடுப்பு வேண்டும். ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்த என் அண்ணனிடம் சொன்னேன். கெட்டியான தோலில் எட்டு ஓட்டை வெட்டி, ஓரத்தை மழித்து, பெட்டியின் மேல் கச்சிதமாக உட்காரும்படி செய்து கொடுத்தார்.

இனி அலமாரி. "செவ்வாய்க்கிழமை எடுத்துட்டுப் போங்கம்மா, சாயங்காலம் கொண்டாந்து வெச்சிடுங்க" என்றார் சார். "செவ்வாய்க்கிழமை மட்டும் பேசற புள்ளையா சார் அவ?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது தெரிந்தது. அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பதிவேட்டைத் திறந்தார். பிறகு சொன்னார்: "மூணு மாசம். மூணாவது மாசக் கடைசியில நானே வருவேன். அவளா அழுத்தி, அவளா ஒரு வார்த்த பேசட்டும், பொட்டி அவ வூட்டுலயே இருக்கட்டும். இல்லன்னா இன்னொரு மையத்துல கேட்டுக்கினு இருக்காங்க, அங்க போயிடும்." பென்சிலால் எழுதிக்கொண்டார். அந்த ஒரு பெட்டியை விட்டால் அலமேலுவுக்கு வேறு வழி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று இரவே என் வீட்டில் உட்கார்ந்து எட்டு வாக்கியங்களையும் என் குரலில் பதிவு செய்தேன். புத்தகத் தமிழ் கூடாது என்று கவனமாக, பேச்சு வழக்கிலேயே. "தண்ணி குடுங்க." "பசிக்குதுங்க." "வெளிய போகணுங்க." "படுக்கணுங்க." "வலிக்குதுங்க." "அம்மா, வாங்க." "வணக்கங்க." "நன்றிங்க." எட்டையும் ஒருமுறை அழுத்திக் கேட்டுவிட்டு, எவ்வளவு நன்றாகச் செய்துவிட்டோம் என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் அலமேலுவின் முன்னால் பெட்டியை வைத்தேன். படங்களைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். பதினான்காவது எண்ணிக்கையில் முட்டி வந்து விழுந்தது. "தண்ணி குடுங்க!"

சாமை புடைத்துக்கொண்டிருந்த குப்பு, முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். "தோ டீச்சர்" என்று ஓடி, விருந்தாளிக்கென்று கவிழ்த்து வைத்திருந்த சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

எல்லாரும் சிரித்தோம். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அலமேலு சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் பெட்டி பேசுவது குறைந்துகொண்டே வந்தது. "பொட்டி பேசினா அவுரு துண்ட தோள்லேர்ந்து எடுத்துடறாரு டீச்சர். நீங்களே வூட்டுக்கு வந்துட்ட மாதிரி கீது" என்றாள் குப்பு. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது மாதம் முடிந்து ஒரு சனிக்கிழமை போனால், பெட்டி பரண் மேல், விதைப் பானைகளுக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி போர்த்தி இருந்தது. மேல் ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏம்மா எடுத்து வெச்சுட்டீங்க? இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. சார் வந்து பார்த்தா தூக்கிக்கிட்டுப் போயிடுவாரு!" என்று குப்புவிடம் கத்திவிட்டேன். அவள் பாவம், "அவ தொடவே மாட்டேங்கறா டீச்சர், கெட்டுப் போயிடப் போவுதேன்னு வெச்சேன்" என்றாள்.

அலமேலுவுக்கு ஒரு தங்கை, சரசு. ஒன்பது வயது. இரட்டைச் சடை, ஓயாத வாய். பரணிலிருந்து பெட்டியை இறக்கியது அவள்தான். இறக்கியதும் விளையாட்டாக ஒரே கட்டத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். "நன்றிங்க நன்றிங்க நன்றிங்க" என்று என் குரல் அந்த வீட்டில் கெஞ்சிக்கொண்டிருந்தது. அலமேலு "ஏ" என்று ஒரு சத்தம் போட்டு, முட்டியால் தங்கையின் கையைத் தள்ளிவிட்டாள். "ச்சு!"

"பாருங்க டீச்சர், என்னத் திட்டறா" என்றாள் சரசு. பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே அடுத்ததையும் சொன்னாள்: "இதுல திட்டே இல்ல. அப்பறம் இன்னாத்த பேசுவா?"

நான் பெட்டியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். எட்டுக் கட்டத்தையும் வரிசையாகப் பார்த்தேன். எட்டும் கேட்பது, கும்பிடுவது. "வேணா" என்று சொல்ல ஒரு கட்டம் இல்லை. பெற்ற தாயிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு "நன்றிங்க" என்று சொல்கிற பிள்ளை அந்த மலையில் எந்த வீட்டில் இருக்கிறது? அதுவும் வாணியம்பாடி டீச்சர் குரலில்? வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்று முதல் வகுப்பில் திண்டாடிய நானே, இந்தப் பெண்ணின் வாயில் என் நாக்கைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. குப்புவிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு நான் எதற்குக் கேட்கிறேன் என்றே புரியவில்லை.

எட்டையும் அழித்தோம். சரசுவை எதிரே உட்காரவைத்து, "இனிமே அக்காவுக்கு உன் கொரலுதான்" என்றேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் சரசு சொல்லிக் காட்டுவாள், நான் இருபது எண்ணுவேன், அலமேலு "ச்சு" என்றால் தள்ளுபடி, கண்ணை மேலே தூக்கினால் பதிவு. மத்தியானம் முழுக்க ஆனது. கடைசியில் தேறியவை இவை: "எம்மா, தண்ணி." "பசிக்குது." "வேணா போ." "இன்னாது? திரும்ப சொல்லு." "வெளிய இட்டுகினு போ." "நானும் வர்றேன்." "பொய் சொல்ற நீ."

எட்டாவதுக்கு அலமேலு எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. சரசு பத்துப் பன்னிரண்டு சொல்லிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டாள். "எனக்குத் தெரியும் டீச்சர் அவளுக்கு இன்னா வேணும்னு. சொல்லத்தான் புடிக்கல." பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டு, பெட்டி அதிரும்படி கத்தினாள்: "ஏய் சரசு, அது மேல கை வெக்காத!"

அலமேலுவின் கண்கள் கூரைக்கே போய்விட்டன. அந்தக் கட்டத்துக்கான படத்தையும் சரசுவே வரைந்தாள். வட்ட முகம், இரண்டு சடை. அன்று மாலை நான் கிளம்புவதற்குள் தங்கைக்கு எத்தனை திட்டு விழுந்தது என்று எண்ணவே முடியவில்லை. ஒவ்வொரு திட்டுக்கும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பின் நாலு பேட்டரி ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. என் கைப்பையில் எப்போதும் ஒரு கட்டு பேட்டரி கிடக்கும்.

மூன்றாவது மாதக் கடைசியில், சொன்னபடி சார் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கி என்னோடு நடந்தே ஏறினார். வீடு மெழுகி, கோலம் போட்டு, குப்பு நல்ல சேலை கட்டியிருந்தாள். சரசு இல்லை. சார் வழக்கம்போல் பாய்க்குக் காத்திருக்காமல் அலமேலுவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பேரு இன்னா கண்ணு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர் உதடு லேசாக அசைவதை நான் பார்த்தேன். எண்ணுகிறார். இருபது ஆயிற்று. பெட்டி பேசவில்லை.

"தண்ணி வேணுமா?" மறுபடி இருபது. "வெளிய போலாமா?" மறுபடியும் இருபது. அலமேலு அம்மாவையே பார்த்துக்கொண்டு, முட்டியை மடியில் வைத்தபடி, சிலைபோல் இருந்தாள். மூன்று வாரமாக அந்த வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்த பெண். எனக்குக் கை பரபரத்தது. முழங்கையை லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும். கை நீண்டும் விட்டது. "சும்மா இருங்கம்மா" என்றார் சார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. அவள் தானாக அழுத்த வேண்டும் என்பதுதானே பேச்சு. கையை இழுத்துக்கொண்டேன்.

சார் பென்சிலால் ஏதோ ஒரு வரி எழுதினார். அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் பெட்டியின் எண்ணைச் சரிபார்க்க வேண்டும், அது பெட்டியின் அடியில் இருக்கிறது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "பரவாயில்ல கண்ணு" என்று மெதுவாகச் சொல்லி, இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கப் போனார்.

முட்டி இடிபோல் வந்து விழுந்தது.

"ஏய் சரசு, அது மேல கை வெக்காத!"

சார் சூடான தோசைக்கல்லைத் தொட்டவர்போல் இரண்டு கையையும் இழுத்துக்கொண்டார். குப்பு தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, உங்கள இல்ல சார்! அது சின்னவளுக்கு வெச்சது சார்! நான்தான் ரெண்டு பேருகிட்டயும் சொல்லி வெச்சேன் சார், ஆபீசர் வர்றாரு, வாய மூடிகினு இருங்கன்னு. சின்னவ அடங்க மாட்டான்னு இஸ்கூலுக்குத் தொரத்திட்டேன். இவ இவ்ளோ நேரம் அடங்கித்தான் இருந்தா!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அலமேலுவை ஒருத்தர் வாயை மூடு என்று அதட்டியிருக்கிறார்கள். அவளும் பெரிய மனுஷியாக அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சார் அலமேலுவின் பக்கம் குனிந்தார். பிறகு தொண்டைக்குள்ளேயே, "இந்தப் பொட்டி யாருதும்மா?" என்றார். அலமேலு யோசித்தாள். முட்டி நகர்ந்தது. "இன்னாது? திரும்ப சொல்லு."

சாரின் பல்லை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். அப்படிச் சிரித்தார். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "இந்தப் பொட்டி, யாருது?"

முட்டி மறுபடி எட்டாவது கட்டத்தில் விழுந்தது. சரசுவுக்கு விழ வேண்டிய அதே திட்டு.

"சரிம்மா. வெக்கல" என்றார் சார். இரண்டு கையையும் தூக்கி, விரித்துக் காட்டினார். பதிவேட்டில் எழுதியிருந்த வரியை ரப்பரால் அழித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தவர், அதைத் திரும்பச் செருகிக்கொண்டு என்னிடம், "பேனா குடும்மா" என்றார். பெட்டி அவளிடமே இருக்கட்டும் என்ற வரியை அவர் நேராகப் பேனாவிலேயே எழுதினார். அதைப் பார்த்ததும் நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். குப்பு எனக்குத்தான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கிளம்பும்போது குப்பு அவரிடம் கையைக் கட்டிக்கொண்டு, "அத மரியாதையா மாத்திடறோம் சார்" என்றாள். "மாத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றார். ஆனாலும் குப்புவுக்கு மனசு ஆறவில்லை. சாயங்காலம் சரசு பள்ளியிலிருந்து வந்ததும், "பசிக்குது" இருந்த கட்டத்தை அழித்துவிட்டு, அதில் பேர் இல்லாமல், மரியாதையாக அதையே ஒருமுறை சொல்லவைத்தாள்: "அது மேல கை வெக்காதீங்க." ஆபீசர் வந்தால் அழுத்துவதற்கு. பசிக்கு "ஏ" போதும் என்று அலமேலுவும் கண்ணைத் தூக்கிவிட்டாளாம்.

அடுத்த வருடம் அலமாரியிலிருந்து மூன்று கருவிகள் வீடுகளுக்குப் போயின. எல்லாம் சுகமாக முடிந்தது என்று கதை விட மாட்டேன். ஒன்று அடுப்போரம் வைத்து உருகியது, அதற்கான விளக்கத்தைச் சாரே எழுதினார். இன்னொன்று புதிதாக வந்த ஒரு பேச்சுப் பெட்டி, அதை ஒரு அப்பா திருப்பிக் கொண்டுவந்து, "இது வந்ததுலேர்ந்து புள்ள எதுத்து எதுத்துப் பேசுது" என்று மேசை மேல் வைத்தார். "நல்லா வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பெட்டியோடு திருப்பி அனுப்பினேன். சார் ஓய்வு பெற்ற நாளில் சாவியை என்னிடம் கொடுத்தார். அப்போது அலமாரியில் பழைய பதிவேடுகள்தான் இருந்தன.

கொள்கை எழுதப் போகிறவர்களுக்கு என் யோசனை எல்லாம் இதிலிருந்து வந்ததுதான். கருவியில் முதலில் வைக்க வேண்டிய சொல் "வேணா". குரல் அந்த வீட்டுக் குரலாக இருக்கட்டும், முடிந்தால் அந்த வயதுக் குரலாக. பேட்டரி எந்தக் கடையில் கிடைக்கும் என்று பார்த்துவிட்டுக் கருவியை வாங்குங்கள். பதினேழாவதுக்கு மட்டும் நானாகப் பதில் எழுத மனம் வரவில்லை. அதனால் போன சனிக்கிழமை படிவத்தை எடுத்துக்கொண்டு மலையேறினேன்.

அலமேலுவுக்கு இப்போது இருபது வயது. அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிக் கொடுக்க, பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வராகப் படிக்கிறாள். பழைய பெட்டி போய், எழுத்தைத் தட்டினால் பேசும் டேப்லெட் வந்துவிட்டது. மேலே தோல் தடுப்பு மட்டும் இதற்கும் அண்ணன் புதிதாக வெட்டிக் கொடுத்தது. செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரு குரல் அதில் இருக்கிறது, வெளியாட்களிடம் அதில் பேசுகிறாள். ஆனால் பழைய எட்டையும் அழிக்க விடவில்லை. ரேவதி அவற்றை அப்படியே புதியதற்கு மாற்றிக் கொடுத்திருக்கிறாள். சரசு திருப்பத்தூரில் நர்சிங் படிக்கிறாள், அவளுடைய ஒன்பது வயதுக் குரல் மட்டும் வீட்டில் இருக்கிறது.

கேள்வியை நல்ல தமிழிலிருந்து எங்கள் தமிழுக்கு மாற்றிப் படித்தேன். "(அ), மையத்துல இருக்கட்டுமா?" ச்சு. "(ஆ), ஹெட்மாஸ்டர்கிட்ட?" ச்சு. "(இ), அம்மாகிட்ட?" அலமேலு குப்புவைப் பார்த்தாள். "எனக்கு இன்னாத்துக்கு அது? உன்னுது நீ வெச்சுக்கோ" என்றாள் குப்பு, அடுப்பிலிருந்து திரும்பாமலே. ச்சு.

நான் வாயை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். பதினாறில் முட்டி வந்தது. ஒன்பது வயதுக் குரல், அம்மா சொல்லிக் கொடுத்த பணிவோடு சொன்னது:

"அது மேல கை வெக்காதீங்க."

"பாத்தீங்களா டீச்சர், கெவர்மென்ட்டுக்குன்னதும் மரியாதையா சொல்றா" என்றாள் குப்பு, பெருமையாக. (இ)க்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் (ஈ) என்று போட்டு, அலமேலுவின் பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன், அந்த "ங்க"வையும் விடாமல், நேராகப் பேனாவிலேயே.